வாழைப்பழ எசன்ஸை விடுங்கோ, சீனியைப் பாருங்கோ

இந்தக் கிழமை முழுக்க கொழும்பு வெள்ளவத்தை ஆக்களின்ர வாட்ஸ்அப் குரூப்புகளில ஒரு வொய்ஸ் சுத்துது. கேக்குக்கு விடுற வாழைப்பழ எசன்ஸில நெய்ல் பொலிஷ் கரைக்கிற கெமிக்கல் இருக்காம், பிள்ளையளுக்குக் குடுக்க வேண்டாமாம். ஏ/எல் பிள்ளையளுக்கு கெமிஸ்ட்ரி படிப்பிக்கிற எனக்கு இதைக் கேட்டுட்டு பேசாம இருக்க மனம் வரேல்ல.

அந்தச் சாமான் ஐசோஅமைல் அசிட்டேட், ஒரு எசுத்தர், அதாவது அமிலமும் அல்கஹோலும் சேர்ந்து வாற பொருள். வினாகிரியில இருக்கிற அதே அசிட்டிக் அமிலத்தோட ஐசோஅமைல் அல்கஹோலைக் கலந்து, கொஞ்சம் சல்பூரிக் அமிலம் விட்டு சூடாக்கிறது. முதல்ல மூக்கைப் பொத்த வைக்கிற நாத்தம்தான். பிறகு எடுத்து அப்பச்சோடாக் கரைசலுக்க ஊத்தினா புசுபுசு எண்டு நுரைச்சு அடங்கும், மேல எண்ணெய் மாதிரி ஒரு படை வந்து மிதக்கும், கடைசி வாங்கில இருக்கிற பிள்ளைக்கும் வாழைப்பழம் மணக்கும்.

இதே மூலக்கூறைத்தான் கதலிக் குலை பழுக்கேக்க தானா உண்டாக்குது, மரம் செய்தாலும் லேப்பில செய்தாலும் ஒரு அணு வித்தியாசம் இல்ல. தேனீ கொட்டேக்க மற்றத் தேனீக்களைக் கூப்பிட விடுற மணத்திலயும் முக்கியமானது இதுதான், அதாலதான் தேன்கூட்டுக்குக் கிட்ட வாழைப்பழம் சாப்பிட வேண்டாம் எண்டு தேனீ வளர்க்கிற ஆக்கள் சொல்லுறது. நெய்ல் பொலிஷ் கதையும் பொய்யில்ல, இது நல்ல கரைப்பான். ஆனா கேக்கில போறது சில துளி, அதுவும் ஐதாக்கினது. கலப்பில்லாத திரவம் எண்டா கதை வேற, டக்கெண்டு தீப்பிடிக்கும், கிட்ட வச்சு மணந்தா தொண்டை எரியும், தலையிடிக்கும்.

பழத்தின்ர முழு வாசம் எசன்ஸில வராது எண்டுறது உண்மைதான். பழத்தில இதோட வேற கன எசுத்தர் இருக்கு, கராம்பில இருக்கிற யூஜெனோல் கூட கொஞ்சம் இருக்கு. ஒண்டை மட்டும் போட்டா மிட்டாய் மாதிரி குத்தும்.

எனக்குக் கோவம் வாறது வேற இடத்தில. வாழைப்பழச் சுவை எண்டு விக்கிற சாமான்களின்ர பைக்கற்றுக்கு முன்னால உரிச்ச வாழைப்பழப் படம், உள்ளுக்க பழம் ஒரு துண்டும் இல்ல, சீனி அள்ளிக் கொட்டியிருக்கு. இதைப் பற்றி ஒருத்தரும் வொய்ஸ் போடுறேல்ல! 2016 ஓகஸ்டில இருந்து இலங்கையில சோடாப் போத்தல்களில சீனி அளவைக் காட்டுற நிற அடையாளம் இருக்கு, 100 மில்லிலீட்டருக்கு 11 கிராமுக்கு மேல சீனி எண்டா சிவப்பு. பிள்ளையின்ர கையில அந்தச் சிவப்புப் போத்தலைக் குடுத்துட்டு, பேத்டே கேக்கில விட்ட மூண்டு சொட்டு எசன்ஸுக்குப் பயப்பிடுறம்.

வொய்ஸ் அனுப்பின ஆக்கள் தயவுசெய்து அந்தச் சிவப்பு அடையாளத்தைப் படமெடுத்து அனுப்புங்கோ, எல்லாக் குரூப்பிலயும் நானே போடுறன்.