'நாடகத்தனம்' என்பது வசைச்சொல்லா? – கே.பி.ஏ.சி. லலிதாவை முன்வைத்து

ஒரு நடிகரின் நடிப்பு பிடிக்கவில்லை என்றால் "நாடகத்தனமாக இருக்கிறது" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது நம் திரை விமர்சனத்தில் நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். சென்ற வாரம் நண்பர் ஒருவர் ஒரு புதிய படத்தைப் பற்றி எழுதும்போதும் அதே சொல்லைப் போட்டிருந்தார். அந்தப் படத்தை நானும் பார்த்தேன். அவர் குறிப்பிட்ட நடிகை கத்தினார், கண்ணை உருட்டினார், வசனத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் கையை ஆட்டினார். குறை உண்மைதான். ஆனால் எனக்குத் தெரிந்தவரை அவர் நாடக மேடையில் கால் வைத்தவர் அல்லர். மேடை ஏறாதவருடைய குறைக்கு மேடை எதற்காகப் பழி சுமக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது நினைவுக்கு வந்தவர் கே.பி.ஏ.சி. லலிதா.

தமிழ் ரசிகர்களில் பலருக்கு இந்தப் பெயரைச் சொன்னால் தெரியாது. முகத்தைக் காட்டினால் உடனே தெரியும். 1997இல் வந்த 'காதலுக்கு மரியாதை'யில் ஷாலினிக்குத் தாயாக நடித்து, அந்த இறுதிக் காட்சியில் ஸ்ரீவித்யாவுக்கு எதிரே நின்றவர். 2000இல் 'அலைபாயுதே'யில் மாதவனின் அம்மா. நமக்குக் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் இப்படிப்பட்ட அம்மா வேடங்கள்தாம். மலையாளிகளுக்கோ அவர் ஐநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படங்களில், ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், தங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் இருந்த எல்லாப் பெண்களுமாகவும் இருந்தவர்.

பெயருக்கு முன்னால் நிற்கும் அந்த நான்கு எழுத்துகளை அவருடைய தந்தை, பாட்டனார், தறவாடு (பூர்விகக் குடும்ப வீடு) ஆகியவற்றின் முதலெழுத்துகள் என்றே நான் பல காலம் நம்பியிருந்தேன். இனிஷியல் என்றால் தகப்பன் பெயர் என்று பழகிய நமக்கு வேறு எப்படித் தோன்றும்? அது 'கேரளா பீப்பிள்ஸ் ஆர்ட்ஸ் கிளப்' என்ற நாடகக் குழுவின் பெயர். திரைக்கு வந்தபோது, அங்கே ஏற்கெனவே ஒரு லலிதா இருந்ததால், அடையாளத்துக்காகக் குழுவின் பெயர் முன்னால் சேர்ந்தது. சுந்தரராஜனுக்கு 'மேஜர்' சேர்ந்ததைப்போலத்தான். ஆனால் அங்கே ஒட்டிக்கொண்டது ஒரு பாத்திரம், இங்கே ஒரு குழு. தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நாடகக் குழுவின் பெயரைத் தாங்கியபடி கடைசிவரை நடித்த ஒருவரை எனக்கு வேறு மொழிகளில் தெரியவில்லை.

அவருடைய இயற்பெயர் மகேஸ்வரி. 1947இல் காயங்குளம் பகுதியில் பிறந்தவர். தந்தை ஒரு புகைப்படக்காரர். மகளின் நடனப் பயிற்சிக்காகக் குடும்பமே சங்கனாச்சேரிக்குக் குடிபெயர்ந்தது. பத்து வயதளவிலேயே மேடை ஏறிவிட்ட அந்தப் பெண், 'கீதா' என்ற குழுவின் 'பலி' நாடகத்தில் நடித்தபின் கே.பி.ஏ.சி.யில் சேர்ந்தார். அங்கே அவருக்கு லலிதா என்று பெயர் சூட்டியவர் நாடகாசிரியர் தோப்பில் பாசி.

கே.பி.ஏ.சி. வெறும் பொழுதுபோக்குக் குழு அன்று. தோப்பில் பாசி தலைமறைவாக இருந்த காலத்தில் எழுதி, 1952 டிசம்பரில் கொல்லத்தை அடுத்த சவறாவில் அரங்கேறிய 'நிங்களென்னெக் கம்யூனிஸ்டாக்கி' என்ற நாடகம், ஓ.என்.வி. குறுப்பின் பாடல்களோடும் தேவராஜனின் இசையோடும் கேரளத்தின் அரசியலையே பாதித்தது. அதே பாசி எழுதிய 'துலாபாரம்' நாடகம் 1968இல் மலையாளத்திலும் அடுத்த ஆண்டு தமிழிலும் சாரதா நடிப்பில் படமானது. என் அம்மா அந்தத் தமிழ்ப் படத்தை எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் பார்த்து, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று சொல்லுவார். அது முதலில் நாடகமாக நடந்தது என்று பின்னாளில் நான் சொன்னபோது அவர் கேட்டார்: "தினம் தினம் அந்தப் புள்ளைங்களுக்கு விஷத்தக் குடுத்துட்டு, மறுநாளும் வந்து எப்படி நடிச்சாங்க?"

அம்மாவின் கேள்வியில் நாடகக்காரருடைய தொழிலின் சாரமே இருக்கிறது. கேரளத்தின் தொழில்முறை நாடகக் குழுக்கள் கோயில் திருவிழாக்களை நம்பி ஓடியவை. வண்டியில் காட்சித் திரைகளோடும் பெட்டிகளோடும் பயணம்; சில நாட்களில் ஒரே இரவில் இரண்டு ஊர்களில் நாடகம். திறந்தவெளியில், மேலிருந்து தொங்கும் ஒலிவாங்கிகளுக்குக் கீழே நின்று, கடைசி வரிசையில் கடலை கொறித்துக்கொண்டிருப்பவருக்கும் கேட்கும்படி பேச வேண்டும். அதே சமயம், முன்வரிசையில் இருப்பவருக்கு அது கூச்சலாகவும் கேட்கக் கூடாது. இதை நூற்றுக்கணக்கான இரவுகள் செய்த ஒருவருக்கு எங்கே குரலை உயர்த்துவது என்பதைவிட எங்கே உயர்த்தாமல் இருப்பது என்பது நன்றாகத் தெரிந்துவிடும் என்பது என் எண்ணம். கத்துவதற்குப் பயிற்சி எதுவும் வேண்டியதில்லை; அது எல்லோருக்கும் வரும்.

குழுவின் நாடகமான 'கூட்டுக்குடும்பம்' 1960களின் இறுதியில் கே.எஸ். சேதுமாதவன் இயக்கத்தில் படமானபோது லலிதாவும் திரைக்கு வந்தார். மேடையிலிருந்து வந்தவர்களைக் கேமரா காட்டிக்கொடுத்துவிடும் என்பார்கள். அடூர் கோபாலகிருஷ்ணனைப்போல மிகையைச் சிறிதும் பொறுக்காத ஓர் இயக்குநர், 1972இல் தம் முதல் கதைப்படமான 'ஸ்வயம்வர'த்திலேயே இவரைப் பயன்படுத்தினார் என்பதையும், பிறகும் திரும்பத் திரும்ப அழைத்தார் என்பதையும் அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடூரின் 'கொடியேற்றம்' படத்தில் பின்னணி இசையே கிடையாது. திருவிழா திருவிழாவாகச் சுற்றும், வயதுக்கேற்ற பொறுப்பு வராத சங்கரன்குட்டியாகக் கோபி நடித்து, தேசிய விருதும் பெற்றார். அவனுக்கு வாழ்க்கைப்பட்ட சாந்தம்மாவாக லலிதா. கணவன் எப்போது வருவான், வருவானா என்றே தெரியாத வீட்டில், வயிற்றில் பிள்ளையோடு, அந்தப் பெண் தன் எரிச்சலைச் சொற்களில் காட்டுவது குறைவு. அவர் நடையிலும் மௌனத்திலும் நமக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. சோகத்தைச் சொல்லித் தர வயலின் இல்லை. கோபத்தைச் சொல்லித் தர மத்தளம் இல்லை. நாடகத்தனத்தை ஒளித்து வைக்க ஓரிடமும் இல்லாத அந்தப் படத்தில் நாடகக்காரி ஒருவர் துளியும் பிசகாமல் நிற்கிறார்.

ஆனால் நான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே 'மதிலுக'ளுக்காக. வைக்கம் முகம்மது பஷீரின் குறுநாவலை அடூர் படமாக்கினார், சிறையில் இருக்கும் பஷீராக மம்மூட்டி. ஆண்கள் சிறைக்கும் பெண்கள் சிறைக்கும் நடுவில் ஒரு பெரிய மதில். அந்தப் பக்கத்தில் நாராயணி என்ற கைதி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. தான் மதிலருகே வந்திருப்பதற்கு அடையாளமாக அவள் ஒரு காய்ந்த சுள்ளியை மேலே எறிவாள். அது வானத்தில் எழும்பித் தெரியும். இவர் ஓடி வருவார். ரோஜாச் செடி ஒன்று மதிலைத் தாண்டிப் போகிறது. காதல் முழுவதும் பேச்சிலேயே நடக்கிறது. நாராயணியைப் படம் ஒருமுறைகூடக் காட்டுவதில்லை. நமக்குக் கிடைப்பது அவள் குரல் மட்டுமே, அந்தக் குரல் லலிதாவுடையது.

பாலக்காட்டில் வேலை பார்த்த காலத்தில், வாடகை வீட்டின் முன்னறையில் சின்னத் தொலைக்காட்சிப் பெட்டியில் இந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்தேன். அரைகுறை மலையாளம். குரல் யாருடையது என்றும் தெரியாது. அந்த மதிலுக்கு அப்பால் இருபது வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்றே நம்பினேன். கொஞ்சுகிறாள், திடீரென்று சந்தேகப்படுகிறாள், சிரிப்பின் நடுவே அழத் தொடங்கி, அதை மறைக்கப் பார்க்கிறாள். மூச்சு இழுக்கும் ஓசையில் அவள் மதிலுக்கு எவ்வளவு அருகில் நிற்கிறாள் என்பதுகூடத் தெரிகிறது. அப்போது உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா, தொலைக்காட்சியைப் பார்க்காமலே, "அது லலிதயல்லே!" என்று சிரித்தார். படம் எடுக்கப்பட்டபோது லலிதா நாற்பதைக் கடந்தவர் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த அம்மாவின் சிரிப்பில் நியாயம் இருந்தது. இவ்வளவு பழகிய குரலைப் போட்டால் மலையாளப் பார்வையாளர் மனத்தில் நாராயணிக்கு லலிதாவின் முகம் வந்துவிடாதா, பஷீர் வாசகனுக்கு விட்டுவைத்த கற்பனைச் சுதந்திரம் போய்விடாதா என்று அப்போதே பலர் குறை கூறினார்கள். அந்தக் குறையை நான் முழுவதுமாக மறுக்க மாட்டேன். மொழி தெரியாதவனாக இருந்ததால் எனக்கு ஒரு நாராயணி கிடைத்தாள். வீட்டுக்கார அம்மாவுக்குக் கிடைத்தது லலிதா. இருந்தாலும், யாருக்கும் தெரியாத புதுக் குரல் ஒன்றைப் போட்டிருந்தால் அந்த மூச்சும் தயக்கமும் வந்திருக்குமா? வந்திருக்காது என்பதே என் கருத்து. முகம், உடல், ஒளி, உடை அனைத்தையும் பிடுங்கிக்கொண்டு குரலை மட்டும் விட்டுவைத்தாலும் ஒரு முழு மனுஷியை நிறுத்திக் காட்ட அவரால் முடிந்தது. தொங்கும் ஒலிவாங்கிக்குக் கீழே கற்ற வித்தை அது.

நகைச்சுவையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கேரளத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நடிகர் இன்னொசென்டும் இவரும் கணவன் மனைவியாக வந்தாலே திரையரங்கு சிரிக்கத் தயாராகிவிடும். நம்மூரில் 'சந்திரமுகி'யாக வந்த கதையின் மூலமான 'மணிச்சித்ரத்தாழ்' படத்திலும் அந்த இணை உண்டு. அதே பெண்மணி 1995இல் 'ஸ்படிக'த்தில், பிடிவாதக்காரக் கணவன் திலகனுக்கும் முரட்டு மகன் மோகன்லாலுக்கும் நடுவே அரைபடும் தாயாக வருகிறார். 'அமர'த்தில் மீனவக் குடும்பத்துப் பெண். அதற்காக அவருக்கு முதல் தேசிய விருது கிடைத்தது.

'அமர'த்தை இயக்கியவர் அவருடைய கணவர் பரதன். நமக்குத் 'தேவர் மக'னைத் தந்த அதே பரதன்தான். 1998இல் பரதன் மறைந்தபின் லலிதா சிறிது காலம் நடிப்பிலிருந்து ஒதுங்கியிருந்து, மறு ஆண்டு சத்யன் அந்திக்காட்டின் படம் ஒன்றின் மூலம் திரும்பினார். 2000இல் ஜெயராஜ் இயக்கிய 'சாந்தம்', அரசியல் கொலை ஒன்றையும் அது உடைத்துப்போடும் மனிதர்களையும் பற்றியது. கால்பந்து வீரர் ஐ.எம். விஜயன் நடித்த படம். அதில் லலிதாவுக்கு இரண்டாவது தேசிய விருது. பிற்காலத்தில் 'தட்டீம் முட்டீம்' தொலைக்காட்சித் தொடரில் மாமியாராக வந்து, அவருடைய படங்களைத் திரையரங்கில் பார்த்திராத பிள்ளைகளுக்கும் வேண்டியவரானார்.

அவரை நான் கண்மூடிக் கொண்டாடவில்லை. திரைத்துறையில் தொடக்கக் காலத்தில் செல்வாக்குள்ள ஒரு மூத்த நடிகரால் தான் அலைக்கழிக்கப்பட்டதை வெளிப்படையாகச் சொன்னவர் அவர். அப்படிப்பட்டவர் 2018 அக்டோபரில், நடிகர் சங்கத்தின் போக்கை எதிர்த்து வெளியேறிய இளம் நடிகைகள் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பி வரலாம் என்கிற தொனியில் செய்தியாளர்கள் முன் பேசினார். அன்று அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை. தொழிலே குடும்பம் என்று வாழ்ந்த தலைமுறைக்குக் குடும்பத்தின் மானம் பெரிதாகத் தெரியும் என்று அவருக்காக வாதாடிப் பார்த்திருக்கிறேன். அந்த வாதம் எனக்கே போதவில்லை. அரசியலிலும் அவருக்குச் சரிப்படவில்லை. 2016 சட்டமன்றத் தேர்தலில் வடக்காஞ்சேரியில் இடதுசாரி வேட்பாளராக அவர் பெயர் அடிபட்டதும் உள்ளூரில் எதிர்ப்புச் சுவரொட்டிகள் முளைத்தன. உடல்நிலையைக் காரணம் காட்டி விலகிக்கொண்டார். அதே ஆண்டில் கேரள சங்கீத நாடக அகாடமியின் தலைவரானார். அது அவருக்கு எல்லா வகையிலும் பொருத்தமான நாற்காலி.

2021இன் இறுதியில் கல்லீரல் நோயால் அவர் படுத்தபோது சிகிச்சைச் செலவைக் கேரள அரசு ஏற்றுக்கொள்ள, "ஐநூறு படம் நடித்தவரிடம் பணம் இல்லையா?" என்று சிலர் கேட்டார்கள். குணச்சித்திர நடிகைக்குக் கொடுக்கப்படும் சம்பளமும் நாயகனுக்குக் கொடுக்கப்படும் சம்பளமும் ஒரே தராசில் நிற்பவை என்று நினைப்பவர்களால்தான் இப்படிக் கேட்க முடியும். படங்களின் எண்ணிக்கையை வைத்து ஒருவருடைய வங்கிக் கணக்கை அளப்பதைவிட அறியாமை வேறில்லை. 2022 பிப்ரவரி 22 அன்று திருப்பூணித்துறையில் காலமானார். வடக்காஞ்சேரியை அடுத்த எங்கக்காட்டில், 'ஓர்ம' என்று பெயரிட்ட தங்கள் வீட்டு வளாகத்தில் உடல் அரசு மரியாதையுடன் எரியூட்டப்பட்டது. 'ஓர்ம' என்றால் நினைவு. அடுத்த பத்து நாட்களுக்குள் வெளியான 'பீஷ்ம பர்வ'த்தில் அவரும் நெடுமுடி வேணுவும் நடித்திருந்தார்கள். வேணுவும் நான்கைந்து மாதங்களுக்கு முன்பே போய்விட்டிருந்தார்.

நண்பருடன் சண்டை எதுவும் இல்லை. 'மதிலுகள்' படத்தை அவருக்கு அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். கைபேசியின் ஒலிபெருக்கியில் வைத்துக் கேட்க வேண்டாம், நல்ல ஹெட்போன் இருந்தால் மாட்டிக்கொண்டு, சுள்ளி முதன்முதலாக மேலே எழும்பியதும் முடிந்தால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.