தலைப்பு எழுத்தில் பத்தி அடிக்காதீர்கள்

கூப்பர் பிளாக் மாதிரியான பழைய பாணித் தடித்த செரிஃப் (கோடுகளின் முனையில் சிறு பாதம் வைத்த) எழுத்துருக்கள் என்றால் எனக்கு உயிர். ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்து 1922-இல் வெளிவந்த அதன் உருண்டைப் பாதங்களைப் பெரிய அளவில் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. அதனால்தான் இப்படி வயிறு எரிகிறது.

அதில் போய் முழுப் பத்தியையும் அடிக்கிறார்கள்! அதுவும் பொடி அளவில். ‘ஏ’, ‘ஈ’ போன்ற ஆங்கிலச் சிற்றெழுத்துகளின் உள்ளே இருக்கும் துளி வெள்ளையும் அடைபட்டு, வரி முழுக்க மை கொட்டிய கறையாகிவிடுகிறது. ஈய அச்சுக் காலத்தில் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியாக எழுத்து வெட்டினார்கள். சிறிய அளவுக்கு இடைவெளியைக் கூட்டிக் கொடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் ஒரே வடிவத்தைச் சுருக்குவதோடு சரி.

அப்புறம், ஏற்கெனவே இவ்வளவு தடித்த எழுத்தின் மேல் ‘போல்ட்’ பொத்தானை வேறு அழுத்துகிறார்களே, அதை என்னவென்று சொல்வது? அதைவிடத் தடித்த வடிவம் அந்த எழுத்துருவில் இல்லையென்றால், மென்பொருள் ஓரங்களை ஊதிப் போலியாக ஒன்றைக் காட்டும். பார்த்துப் பார்த்து வரைந்த வளைவெல்லாம் போச்சு. தலைப்புக்கு வையுங்கள், சுவரொட்டிக்கு வையுங்கள், நாலு சொல்லோடு நிறுத்துங்கள். பத்திக்கு வேறு எழுத்துரு எடுங்கள், ஐயா!