எந்த ஆஸ்பத்திரி?

“இடுப்பு வலிக்குப் பெல்ட் ஒண்ணு குடுங்கண்ணே.”

“உங்களுக்கா சார்?”

“பையனுக்கு.”

“உட்கார்ற வேலையா, நிக்கிற வேலையா?”

“ஓடுற வேலை. அவன் ஸ்பெஷலிஸ்ட்.”

“அடடே! எந்த ஆஸ்பத்திரி?”

“ஃபாஸ்ட் பவுலிங் ஸ்பெஷலிஸ்ட்ணே. வயசு ஒன்பது.”

“ஒன்பது வயசு இடுப்புக்கு பெல்ட் வரல சார். இடுப்பே இன்னும் சரியா வரலையே! தினம் எத்தனை பந்து?”

“காலையில 60, சாயந்தரம் 60. கூடவே நின்னு நான்தான் எண்ணுவேன்.”

“20 ஓவர்! இங்கிலாந்து கிரிக்கெட் போர்டு 13 வயசுப் பையனுக்கே ஒரு தடவை தொடர்ந்து வீசினா 5, ஒரு நாளைக்கு 10 ஓவர்னு நிறுத்திடுது. எந்தப் பந்து?”

“பெரியவங்க பந்துதான். இப்பவே பழகட்டுமேன்னு...”

“அது 156 கிராமுக்குக் குறையாது. 13 வயசுக்குள்ள பசங்களுக்கு 133லேர்ந்து 144 கிராம். பிட்ச்?”

“22 கெஜம். முழுசு.”

“நல்லாருக்கு. அவ்வளவு தூரம் பந்து போய்ச் சேரணும்னா பையன் என்ன பண்ணுவான்? இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம்னு முறுக்கி, இடது பக்கமா சாஞ்சு வீசுவான். வலது கைக்காரன்தானே? வலி அடிமுதுகுல இடது பக்கம். பின்னால வளைஞ்சா சுள்ளுங்கும்.”

“அய்யோ, அதேதாண்ணே!”

“எந்த ஆஸ்பத்திரி?”

“ஸ்பெஷலிஸ்ட்னா பவுலிங்னு சொன்னேனே...”

“இப்ப நிஜமாவே கேக்குறேன் சார். எலும்புல கீறல் இருக்கான்னு பார்க்கணும். ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாம போயிடும். எம்ஆர்ஐ எடுக்கணுமான்னு எலும்பு டாக்டர்கிட்ட கேளுங்க. அதுவரைக்கும் ஒரு பந்து கூட வேணாம்.”

“நீச்சல், ஷட்டில் எல்லாத்தையும் நிறுத்திட்டு இதுல விட்டேன். குகேஷைப் பாருங்க, 7 வயசுல செஸ் ஆரம்பிச்சு 18ல உலக சாம்பியன்!”

“செஸ் காயை ஓடி வந்து வீச வேணாமே சார். கிரிக்கெட்டுக்கு கிரிக்கெட்டையே பாருங்க. ஸ்பின்னர் அஸ்வின் சின்ன வயசுல ஓப்பனிங் பேட்ஸ்மேன். இன்னொரு ஸ்பின்னர் வருண் சக்கரவர்த்தி 17 வயசு வரைக்கும் விக்கெட் கீப்பர், அப்புறம் ஆர்க்கிடெக்ட்.”

“ஆர்க்கிடெக்டா! அவ்வளவு வருஷம் வீணாச்சே!”

“அதான் இடுப்பு மிச்சமாச்சு.”

“சரிண்ணே. டாக்டர் விளையாடலாம்னு சொன்னதும் ஷட்டிலுக்கே அனுப்புறேன்... ஒரு நாளைக்கு எத்தனை ஸ்மாஷ் எண்ணணும்?”

“அந்தப் பெல்ட்டு உங்க சைஸ்ல இருக்கு சார். எண்ணுற கையைக் கட்டி வைக்க.”