ஏற்காடு மலைப்பாதையில் ஒரு ஈசிஜி

போன மாதம் நடுராத்திரியில் மாமாவுக்கு நெஞ்சுவலி. ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்கு நடுவே வீடு. மேலேயே ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, "ஹார்ட் அட்டாக் மாதிரிதான் தெரியுது, உடனே சேலம் கொண்டு போங்க" என்றார்கள். ரோஸ் நிறக் கட்டம் போட்ட அந்தத் தாளை ஆம்புலன்ஸில் உட்கார்ந்ததும் போட்டோ எடுத்து, நாங்கள் போகவிருந்த ஆஸ்பத்திரியின் டியூட்டி டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன்.

வண்டி வளைவில் திரும்பியது. படத்தின் மேல் கடிகாரக் குறி. அடுத்த வளைவிலும் அதே குறி. மாமாவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்த அத்தை "போயிடுச்சாப்பா?" என்றார். அவர் கேட்டது படத்தைத்தான். எனக்கு ஒரு நொடி தூக்கிவாரிப் போட்டது. 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் வந்த பிறகுதான் இரண்டு டிக் விழுந்தது.

5ஜி வந்தால் ஆம்புலன்ஸே ஐசியூ ஆகிவிடும், எங்கோ இருக்கும் டாக்டர் ரோபோ வழியாக இங்கே ஆபரேஷன் செய்வார் என்று குடும்ப குரூப்பில் பார்வர்டு வந்துகொண்டே இருக்கிறது. 2022 அக்டோபரில் நம் நாட்டில் 5ஜி தொடங்கியபோது நானும் அதையெல்லாம் வாய்பிளந்து படித்தவன்தான். ஆனால் ஒரு ஈசிஜி படம் சில நூறு கேபிதான். அதற்குப் பழைய 3ஜியே தாராளம். வேகம் கிடக்கட்டும், பாதி வழியில் அறுந்து போகாமல் இருந்தாலே போதும்.

படம் முன்னாலேயே போனால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். இதய ரத்தக்குழாய் அடைப்பை எடுக்கும் கேத் லேபில் ராத்திரி எல்லாரும் தயாராக உட்கார்ந்திருக்க மாட்டார்கள். பல இடங்களில் டாக்டரையும் டெக்னீஷியனையும் வீட்டிலிருந்துதான் கூப்பிட வேண்டும். நாங்கள் கோரிமேடு தாண்டுவதற்குள் அவர்கள் கிளம்பியிருந்தால், வாசலில் காத்திருந்த நேரம் மிச்சமாகியிருக்கும். ரத்தம் போகாத இதயத் தசை அதுவரை பொறுத்திருக்காது.

இன்னொன்று. அவசர உதவி எண்ணான 112க்கான அழைப்பு எந்த கம்பெனி டவர் கிடைத்தாலும் போய்விடும். டேட்டா அப்படிப் போகாது, நம் சிம்முக்கு உரிய டவர் வேண்டும். இந்த வளைவில் ஒரு கம்பெனி, அடுத்ததில் வேறொரு கம்பெனி என்றிருக்கும் மலையில், ஆம்புலன்ஸுக்குள் மூன்று சிம் போட்ட ரூட்டரும் கூரையில் ஒரு ஆன்டெனாவும் வைப்பது பெரிய செலவா? டவர் போடுவதென்றாலும், 5ஜி பெரும்பாலும் ஓடுகிற 3300 மெகாஹெர்ட்ஸ் அலை பாறையைச் சுற்றி வராது. மலைக்கு 700 மாதிரி தாழ்ந்த அலைவரிசைதான் தோது.

சரி, 5ஜி வேண்டவே வேண்டாமா என்றால், அப்படியும் இல்லை. மே மாதம் கோடை விழா நேரத்தில் ஏற்காட்டுக்கு வந்து பாருங்கள். பகோடா பாயிண்டில் நிற்கிற அத்தனை பேரும் வீடியோ ஏற்றிக்கொண்டிருப்பார்கள், டவர் திணறும். அந்த நெரிசலிலும் ஆம்புலன்ஸுக்கு மட்டும் தனி வழி ஒதுக்கும் வசதி 5ஜியில் உண்டு. 'ஸ்லைசிங்' என்கிறார்கள். பஸ்ஸில் லேடீஸ் சீட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இதில் யாரும் ஏறி உட்கார்ந்துவிட முடியாது. எனக்கு ரோபோ ஆபரேஷனைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது.

மாமா இப்போது தேறி, காபிச் செடிக்குக் கவாத்து பண்ண ஆள் வரவில்லை என்று திட்டிக்கொண்டிருக்கிறார். தினமும் மலை ஏறி இறங்கும் டிரைவர்கள், எஸ்டேட் ஆட்கள் யாராவது இதைப் படித்தால், எந்த வளைவில் எந்த சிம் எடுக்கிறது என்று கீழே எழுதுங்கள். 20 வளைவுக்கும் ஒரு பட்டியல் போட்டு, மனுவோடு சேர்த்து கலெக்டர் ஆபீஸில் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.