மூங்கில் ரயிலுக்காக ஏன் இந்தப் புலம்பல்?

கம்போடியாவின் பட்டாம்பாங் மூங்கில் ரயில் என்று பேச்செடுத்தால் போதும், முன்பே போய் வந்தவர்கள் பெருமூச்சு விட ஆரம்பித்துவிடுகிறார்கள். "அசல் ரயிலை 2017இல் நிறுத்திவிட்டார்கள், இப்போது ஊருக்கு வெளியே பானான் மலைக்கோயில் பக்கம் ஓடுவது டூரிஸ்டுக்காகப் போட்டது." உண்மைதான். ஆனால் அதற்காக இவ்வளவு புலம்ப வேண்டுமா?

நோரி என்கிற அந்த வண்டியில் இருப்பதே கொஞ்சம்தான். இரண்டு அச்சுகள், அவற்றின் மேல் கட்டில் அகலத்தில் ஒரு மூங்கில் தட்டு, பின்னால் சின்ன எஞ்சின், அதிலிருந்து அச்சுக்கு ஒரு பெல்ட். தட்டு அச்சின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். சூட்சுமமே அதில்தான். இருப்பது ஒற்றைப் பாதை. எதிரே இன்னொரு வண்டி வந்தால் பாரம் குறைந்த வண்டி இறங்க வேண்டும். ஆட்கள் இறங்கியதும் எஞ்சினைக் கழற்றுவார்கள், ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தட்டைத் தூக்குவார்கள், அச்சுகளைப் புல்லில் வைப்பார்கள். எதிர் வண்டி போனதும் எல்லாம் பழையபடி தண்டவாளத்தில். சிக்னல் இல்லை, 'நீ முதலில் இறங்கு' என்ற சண்டையும் இல்லை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தைவிட எனக்கு இதுதான் பெரிய வேடிக்கை!

சரி, இது ஏன் வந்தது? பிரெஞ்சுக்காரர்கள் 1930களில் போட்ட மீட்டர் கேஜ் பாதை அது. போர், கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சி எல்லாம் முடிந்தபோது தண்டவாளம் மிஞ்சியது, ரயில் மட்டும் ஒழுங்காக வரவில்லை. ஊர்க்காரர்கள் முதலில் கழியால் தள்ளியும் பிறகு எஞ்சின் பூட்டியும் நெல்லையும் பன்றியையும் ஆட்களையும் ஏற்றிப் போனார்கள். நமக்குச் சாகசம், அவர்களுக்கு வேறு வழியில்லை. மூங்கில் ரயிலை நிறுத்தி, அந்தப் பாதையைச் சரிசெய்து 2018இல் தலைநகர் புனோம் பென்னிலிருந்து தாய்லாந்து எல்லையில் இருக்கும் பொய்பெட் வரை மறுபடி ரயில் விட்டார்கள். ஊருக்கு ரயில் வந்ததை நஷ்டக் கணக்கில் எழுதுவது என்ன நியாயம்?

கவலைப்பட வேண்டுமென்றால் வண்டிக்காரர்களுக்காகக் கவலைப்படலாம். கடைசி வருடங்களில் தலைக்கு 5 டாலர் கொடுத்த வெளிநாட்டுக்காரர்களை நம்பித்தான் அவர்கள் பிழைப்பு ஓடியது. பானான் பாதையால் அதில் சிலருக்காவது வேலை கிடைக்கிறதென்றால் நான் குறை சொல்ல மாட்டேன். அதையே 'அசல் கிராமத்து அனுபவம்' என்று விற்கும்போதுதான் எரிச்சல் வருகிறது. ராட்டினம் மாதிரி ஏறி இறங்குங்கள், போதும். அப்புறம், முழங்கால் ஒத்துழைத்தால் பானான் மலையில் 358 படி ஏறி மேலே இருக்கும் பழைய கோயிலையும் பார்த்துவிடுங்கள். பாதிப் பேர் கீழேயே திரும்பிவிடுகிறார்கள்.