வேலிக்குப் பக்கத்து வயலில் யார் நிற்பது?

2023 ஒக்டோபர் 7இல் ஹமாஸ் இயக்கம் காசாவிலிருந்து இஸ்ரேலுக்குள் புகுந்து தாக்கியதைப் பற்றி நம்மவர்கள் எழுதித் தள்ளிய பதிவுகளில் ஹமாஸ் இருக்கிறது, நெதன்யாகு இருக்கிறார், அமெரிக்கா இருக்கிறது. தாய்லாந்துக்காரர்களைத்தான் காணோம். அன்றைக்குக் காசாவுக்குள் பிடித்துச் செல்லப்பட்ட 251 பேரில் 31 பேர் தாய்லாந்து நாட்டவர்கள். தக்காளி பறிக்கவும் உருளைக்கிழங்கு கிண்டவும் கோழிப் பண்ணை பார்க்கவும் இஸ்ரேலுக்குப் போனவர்கள். பெரும்பாலும் ஈசான் எனப்படும் வடகிழக்குத் தாய்லாந்தின் ஏழை விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். அந்தச் சண்டையில் அவர்களுக்கு ஒரு பக்கமும் கிடையாது. லயத்தில், அதாவது இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீட்டில், பிறந்தவன் என்பதாலோ என்னவோ, அந்த முழுச் செய்தியிலும் என் கண் போய் நின்றது அவர்கள் மேல்தான்.

இஸ்ரேலில் நிர் ஓஸ் என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். காசா எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்துக்குக் கொஞ்சம் கூட. 1955இல் எல்லையோரத்தில் ஆள் குடியேற்ற வேண்டும் என்பதற்காகவே தொடங்கப்பட்ட கூட்டுப் பண்ணைக் கிராமம். 400 பேர் அளவில் வாழ்ந்தார்கள். அன்று ஒரு காலைப் பொழுதுக்குள் நால்வரில் ஒருவர் கொல்லப்பட்டார் அல்லது கடத்தப்பட்டார். கைக்குழந்தையும் உண்டு, எண்பது கடந்த கிழவர்களும் உண்டு. காசா நோயாளிகளைத் தம் காரில் ஏற்றி இஸ்ரேல் ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோய் விட்டவர் ஒருவரும் அந்தக் கிழவர்களில் இருந்தார். அவர் உயிரோடு திரும்பவில்லை. உலகத்திலேயே பலமான இராணுவங்களில் ஒன்று என்று பெயர் வாங்கிய படை, தாக்கியவர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகுதான் அந்த ஊருக்குள் காலெடுத்து வைத்தது. இதை அந்த இராணுவத்தின் சொந்த விசாரணையே ஒப்புக்கொண்டது.

அங்கே ஒவ்வொரு வீட்டிலும் கொங்கிரீட்டால் கட்டிய ஒரு பாதுகாப்பு அறை இருந்தது. ரொக்கட் விழுந்தால் ஓடி ஒளிய. அதன் கதவை உள்ளேயிருந்து பூட்ட முடியாது. கட்டடம் இடிந்தால் காப்பாற்ற வருபவர்கள் வெளியேயிருந்து திறக்க வேண்டுமே என்று யோசித்துச் செய்தது. வானத்திலிருந்து வருவதற்குத்தான் தயாராக இருந்தார்கள், வாசல் வழியாக வருவதற்கு இல்லை. மணிக்கணக்கில் கைப்பிடியை இழுத்துப் பிடித்தபடி நின்றவர்களின் கதைகள் உண்டு. தொழிலாளிகள் தங்கிய கொட்டில்களில் பலவற்றில் அந்த அறைகூட இல்லை.

சரி, என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே வந்து "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்பீர்கள். படுக்கையில் கிடந்தவனைச் சுடுவதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பேரம் பேசுவதும் விடுதலைப் போராட்டம் ஆகாது. அதற்குப் பிறகு இஸ்ரேல் காசாவில் பல்லாயிரக்கணக்கான மக்களைக் கொன்றதும், பட்டினி போட்டதும் தற்காப்பு ஆகாது. இரண்டையும் சொல்ல ஒரே வாய் போதும். ஒன்றைச் சொன்னால் மற்றதை மறைக்கிறாய் என்று நினைப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நான் எழுத வந்தது வேறு. எல்லையில் ஏன் எப்போதும் ஏழை நிற்கிறான் என்பது.

இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழரான மலையகத்துக்காரருக்கு இது வெளிநாட்டுக் கதை இல்லை. தமிழருக்கு எதிரான 1977 கலவரத்தில் தோட்டங்களை விட்டு அடித்து விரட்டப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போனார்கள். காடு வெட்டினார்கள், கிணறு தோண்டினார்கள். காந்தீயம் இயக்கம் அவர்களுக்குக் கைகொடுத்தது. அதை நடத்திய டாக்டர் ராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார். மணலாற்றுப் பக்கம் டொலர் பண்ணை, கென்ற் பண்ணை என்று இரண்டு இடங்கள். கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கும் நம்முடைய சனம் குடியிருந்தது. 1984இல் அவர்களைப் படையினர் கிளப்பிவிட்டு, சிங்களச் சிறைக்கைதிகளையும் அவர்களின் குடும்பங்களையும் கொண்டுவந்து குடியேற்றினார்கள். தமிழ் நிலத்தின் நடுவே ஒரு எல்லையை உண்டாக்குவதற்கு அரசாங்கத்துக்கு ஆள் தேவைப்பட்டது. கைதி என்றால் மறுத்துப் பேச மாட்டான் அல்லவா? அதே ஆண்டு நவம்பர் 30இல் புலிகள் அந்த இரண்டு பண்ணைகளிலும் புகுந்து 60 பேருக்கு மேல் கொன்றார்கள். பெண்களும் பிள்ளைகளும் அதில் உண்டு. அடுத்து வந்த நாட்களில் பக்கத்து ஒதியமலையில் இராணுவத்தினர் தமிழ் ஆண்களைப் பிடித்துச் சுட்டுத்தள்ளினார்கள். திட்டம் போட்டவன் கொழும்பில் பத்திரமாக இருந்தான்.

இதைப் பற்றிப் பேசும்போது நம்மில் பலர் அரைவாசிக் கதையைத்தான் சொல்கிறார்கள். ஒருவர் விரட்டப்பட்டதோடு நிறுத்துவார், இன்னொருவர் கொல்லப்பட்டதிலிருந்து ஆரம்பிப்பார். மணலாற்றை முழுசாகச் சொல்லப் பழகாதவர்கள் நிர் ஓஸையும் காசாவையும் முழுசாகச் சொல்வார்கள் என்று நான் எதிர்பார்ப்பதில்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். ஒக்டோபர் 7க்கு முன்பு இஸ்ரேலில் ஏறத்தாழ 30,000 தாய்லாந்துத் தொழிலாளிகள் இருந்தார்கள், பெரும்பாலோர் விவசாயத்தில். காசாவிலிருந்து அனுமதிப்பத்திரத்தோடு தினசரி வேலைக்குப் போய் வந்தவர்கள் ஏறத்தாழ 18,000 பேர். தாக்குதலோடு தாய்லாந்துக்காரர்கள் ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பினார்கள். காசாக்காரர்களின் அனுமதி ரத்தானது. பயிர் நிலத்திலேயே அழுகியது. அந்த இடைவெளியைப் பார்த்தவர்களில் நம்முடைய அரசாங்கமும் ஒன்று. தாக்குதல் நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 10,000 பேரை விவசாய வேலைக்கு அனுப்ப ஒப்பந்தம் போட்டார்கள். இத்தனைக்கும் அதே தாக்குதலில் இரண்டு இலங்கையர் இறந்திருந்தார்கள். இருவரும் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலைக்குப் போனவர்கள். ஒருவர் பணயக்கைதியாக இருப்பாரோ என்று குடும்பம் காத்திருந்து, கடைசியில் மரபணுப் பரிசோதனையில்தான் செய்தி உறுதியானது.

அந்த ஒப்பந்தச் செய்தி வந்ததும் ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கத்துப் பையன்கள் பாஸ்போர்ட்டுக்கு ஓடினார்கள். நகரத்துப் படித்த நண்பர்கள் சிலர் அவர்களைத் திட்டி எழுதினார்கள், "பாலஸ்தீனியனின் வேலையைப் பிடுங்கப் போகிறீர்களா?" என்று. எனக்கு அந்தத் திட்டு பிடிக்கவில்லை. கேள்வி பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கேட்க வேண்டிய இடம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மேசை. தோட்டத்தில் 2021இல் 1,000 ரூபாய் நாட்சம்பளம் வாங்கவே நாம் வருடக்கணக்கில் கத்த வேண்டியிருந்தது. 2024 செப்டெம்பரில் 1,350. பறித்த கொழுந்தில் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாட்சம்பளம். அந்தக் கணக்கில் மாதம் 25 நாள் முழுப்பேர் கிடைத்தாலும் 33,750 ரூபாய்தான் வந்தது. அங்கே ஒரு மாதத்துக்கு நாலு லட்சத்துக்கு மேல் என்று சொல்லும்போது இளந்தாரிப் பிள்ளைக்கு அறம் போதிக்க யாருக்குத் தகுதி இருக்கிறது?

எங்கள் லயத்துப் பையன் ஒருவனிடம், எல்லைப் பக்கத்துப் பண்ணைக்குப் போட்டுவிடப் போகிறார்கள், யோசித்துச் செய் என்றேன். "அண்ணே, மீரியபெத்தையில செத்தவங்க எந்த எல்லைக்குப் போனாங்க? வீட்டுலதானே படுத்திருந்தாங்க" என்றான். 2014இல் கொஸ்லந்தையின் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் புதைந்தபோது அவனுக்குப் பத்து வயது இருக்கும். அந்த இடம் ஆபத்தானது என்று முன்னாலேயே எச்சரித்திருந்தார்கள், மாற்று வீடு மட்டும் கொடுக்கவில்லை. எனக்குப் பதில் வரவில்லை, தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

ஆனாலும் அவனுக்குத் தெரிய வேண்டியது இருக்கிறது. ஆபத்து ஒக்டோபர் 7ஓடு முடியவில்லை. 2024 மார்ச்சில் லெபனான் எல்லையோரப் பழத்தோட்டத்தில் ஏவுகணை விழுந்து கேரளத்து இளைஞர் ஒருவர் செத்தார், இன்னும் இரண்டு கேரளத்தவர் உட்படப் பலர் காயப்பட்டார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் மெத்துலா என்ற எல்லை ஊரில் அப்பிள் தோட்டத்தில் நின்ற நாலு தாய்லாந்துத் தொழிலாளிகளும் பண்ணைக்காரரும் ரொக்கட்டில் செத்தார்கள். ஊர்ச்சனத்தை எல்லாம் பாதுகாப்புக்காக வெளியேற்றிய இடம் அது. பழம் பறிக்க மட்டும் ஆள் தேவைப்பட்டது.

தாய்லாந்து அரசாங்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் இஸ்ரேலையோ அமெரிக்காவையோ மட்டும் நம்பிக்கொண்டு உட்காரவில்லை. தங்கள் நாட்டு முஸ்லிம் அரசியல்வாதிகளைத் தெஹ்ரானுக்கு அனுப்பி, ஹமாஸ் ஆட்களோடு நேரடியாகப் பேசினார்கள். 2023 நவம்பரில் முதலாவது போர்நிறுத்தம் வந்தபோது 23 பேர் தனி ஏற்பாட்டில் வெளியே வந்தார்கள். 2025 ஜனவரி 30இல் மேலும் ஐந்து பேர். மிச்சப்பேர் உயிரோடு வரவில்லை. இருந்தும், நாற்று நடுகிறவனின் மகனுக்காக ஒரு நாடு இஸ்ரேலின் எதிரியான ஈரானின் வீடு வரைக்கும் போய்க் கதவைத் தட்டியது என்பது எனக்குப் பெரிய விஷயம். நம்முடைய பையன் ஒருவன் நாளைக்குக் காசாவின் சுரங்கப்பாதைக்குள் பணயக்கைதியாக மாட்டினால் யார் எங்கே போய்ப் பேசுவார்கள்? 1948இல் பிரஜாவுரிமையைப் பறித்தபோதும், 1964இல் நம்மைக் கணக்குப் போட்டு இந்தியாவும் இலங்கையும் பிரித்துக்கொண்டபோதும் நம் பெயரைச் சொல்லி ஒருவரும் நம்மிடம் பேசியதில்லை. இப்போது மட்டும் பேசுவார்கள் என்று நம்ப எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

அதனால் போகிற பிள்ளைகளுக்கும், பாஸ்போர்ட்டுக்குச் சங்கிலியை அடகு வைக்கிற அம்மாமாருக்கும் இதை எழுதுகிறேன். ஏஜென்சிக்காரர் சம்பளத்தைத்தான் சொல்லுவார். நீங்கள் ஊர் பெயரைக் கேளுங்கள். காசா எல்லைக்கும் லெபனான் எல்லைக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று போனிலேயே படம் போட்டுப் பாருங்கள். தங்குமிடத்தில் பாதுகாப்பு அறை இருக்கிறதா, சைரன் அடித்தால் வேலையைப் போட்டுவிட்டு ஓட அனுமதி உண்டா, வேறு பண்ணைக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போகாதீர்கள், விசிட் வீசாவில் அனுப்புகிறேன் என்பவனிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். போரில் செத்தால் காப்புறுதி பணம் தருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள், தமிழில் தரச் சொல்லி வாங்குங்கள். நம்முடைய தொழிற்சங்கத் தலைவர்களிடமும் இதே கேள்விகளைக் கேட்கலாம். மே தினத்துக்கு பஸ் அனுப்புகிறவர்கள், பத்து கேள்வியோடு ஒரு கடிதமாவது பணியகத்துக்கு அனுப்பட்டும்.