ஷோஷா மேல் முழுப் பழியும் வேண்டாம்
முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படை பயன்படுத்திய ஷோஷா இலகு இயந்திரத் துப்பாக்கியை 'உலகிலேயே மோசமானது' என்று ஒரு கட்டுரை ஒரே வரியில் தள்ளிவிட்டது வருத்தமாக இருக்கிறது. 1915-இல் பிரான்சுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது, ஒரே ஆள் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய ஆயுதம். சைக்கிள் செய்துகொண்டிருந்த கிளாடியேட்டர் தொழிற்சாலையில்தான் இதைத் தயாரித்தார்கள். எடை சுமார் 9 கிலோ.

சரி, குறை இருந்தது உண்மை. எத்தனை தோட்டா மிச்சம் என்று பார்க்க, தோட்டாக்களை அடுக்கும் அதன் பிறைவடிவ மேகசினின் ஒரு பக்கத்தைத் திறந்தே விட்டிருந்தார்கள். பதுங்குகுழிச் சேறு அது வழியாக உள்ளே போய்விட்டால் அப்புறம் எங்கே சுடுவது? ஆனால் கெட்ட பெயர் பெரும்பாலும் அமெரிக்கத் தோட்டாவுக்காக மாற்றிச் செய்த 1918 மாடலால் வந்தது. அதன் சேம்பரை, அதாவது சுடும்போது தோட்டா அமரும் அறையை, சரியான அளவில் குடையவில்லை. சுட்ட தோட்டாக்கூடு உள்ளேயே சிக்கிக்கொண்டது. பிரெஞ்சுப் படையோ 8 மி.மீ. தோட்டா போடும் அசல் ஷோஷாவை வைத்துத்தான் போர் முடியும்வரை சமாளித்தது. இந்த இரண்டு மாடல்களையும் பிரித்து எழுதியிருக்க வேண்டும்.